மிகை போக மீதி

பெண் பார்க்க வருகிறவர்கள்கூட மேசை நடுவில் ஓர் அணிமானியை வைத்து, அதில் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் பஜ்ஜியைக் கையில் எடுத்தார்கள். "எங்க பொண்ணு அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது" என்று பெண்ணின் அப்பா வாயைத் திறந்தால், தீப்பெட்டி அளவே இருக்கும் அந்தக் கருவி, "மிகைக்கூற்று" என்று தணிந்த குரலில் சொல்லும். "பையன் இப்பத்தான் ஒரு தொழில் பாத்துக்கிட்டு இருக்கான்" என்று மாப்பிள்ளையின் மாமா இழுத்தால், "பூசிமெழுகல். வேலை இல்லை என்று பொருள்" என்று அதுவே முடித்து வைக்கும். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. பஜ்ஜியைத் தின்றுவிட்டு எல்லாரும் எழுந்து போவார்கள்.

இவ்வளவுக்கும் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகச் செய்த சாமான். ஆங்கிலத் தேர்வில் ஒரு வரியைக் கொடுத்து, இது சிமிலியா மெட்டஃபரா, ஹைப்பர்போலியா ஐரனியா, ஆக்டிவ் வாய்ஸா பாசிவ் வாய்ஸா என்று கேட்பார்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது எழுதிவைத்தன. சொல்லாரம் என்கிற நிறுவனம் அதற்கு ஒரு வழி கண்டது. வரியை வாசித்துக் காட்டினால் அது எந்த வகை என்று கருவி பெயர் சொல்லும். கேட்டுக் கேட்டுப் பிள்ளைக்கும் பழகிவிடும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தமிழ்ப் பேச்சையும் கேட்டுப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மனிதர் பேச்சிலிருந்து உவமையையும் மிகையையும் பூச்சையும் கழித்துவிட்டு மீதியை மட்டும் கையில் தருகிற ஒன்றைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவைக்க யாருக்கு மனசு வரும்? காவல் நிலையம் வாங்கியது. நீதிமன்றம் வாங்கியது. கடைசியில் உயிர்காப்பு மையமும் வாங்கியது.

உயிர்காப்பு மையம் வாங்கியதில் நியாயம் இருக்கிறது என்றுதான் பொன்சீலியும் அப்போது நினைத்தாள். மாவட்டத்துக்கு இருபது ஆம்புலன்ஸ். ஒரு நாளைக்கு மூவாயிரம் அழைப்பு. சளி பிடித்தவனும் சாகக் கிடக்கிறேன் என்பான், நிஜமாகவே சாகக் கிடக்கிறவனும் அதையேதான் சொல்வான். அணிமானி அழைப்பைக் கேட்டு, மிகையைக் கழித்து, மீதியிருக்கிற நோய்க்கு ஏற்றபடி வரிசை எண் கொடுக்கும். வீண் ஓட்டம் பாதியாகக் குறைந்தது என்று அரசாங்கம் விளம்பரமே போட்டது.

அந்த வரிசையில் அவள் அக்கா புஷ்பத்துக்குக் கிடைத்த எண் இருநூற்றுப் பதினான்கு.

புஷ்பத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. பாளையங்கோட்டைக்கு மேற்கே ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் மேலப்பனையங்குளத்தில் பீடி சுற்றுகிறவள். புருஷன் போய்ப் பத்து வருஷம். பிள்ளை இல்லை, தங்கச்சிதான் பிள்ளை. பொன்சீலி ஆங்கில இலக்கியம் படித்ததும் பி.எட். முடித்ததும் அக்காவின் அந்தப் பத்து விரல்களால்தான். ஒரு பிற்பகல் புஷ்பத்துக்கு நெஞ்சு வலித்தது. மையத்துக்குப் போன் போட்டாள். "வரிசை எண் இருநூற்றுப் பதினான்கு. வெந்நீர் அருந்தி ஓய்வெடுங்கள்" என்று பதில் வந்தது. அக்காவும் நல்ல பிள்ளையாக வெந்நீர் போட்டுக் குடித்துவிட்டு, பாயில் படுத்து, இருநூற்றுப் பதின்மூன்று பேர் முடியட்டும் என்று காத்திருந்தாள். பக்கத்து வீட்டு வேலம்மாள்தான் தற்செயலாக எட்டிப் பார்த்து, இளநீர் ஏற்றிப்போன வேனை மறித்து, காய்களுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"ரெண்டரை மணி நேரம் சும்மா போயிருக்கு" என்றார் டாக்டரம்மா. சின்னப் பெண். "இதயத்துல ஒரு பகுதி செயலிழந்திருச்சு. இன்னொரு தடவ வந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள இங்க இருக்கணும். அதுக்கு மேல ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. ஆம்புலன்ஸ் ஏன் வரல?"

ஏன் வரவில்லை என்பதற்கு மையத்திலிருந்து ஒரு சீட்டு வந்திருந்தது. பொன்சீலி அதை வராந்தாவில் நின்று படித்தாள். பதினாலு வருஷம் விடைத்தாள் திருத்திய கண் அவளுடையது; வரிவரியாகத்தான் போகும்.

'நெஞ்சுக்குள்ள ஆரோ உக்காந்து அம்மி அரைக்காவ.' உருவகம். கழிக்கப்பட்டது.

'உசுரு தொண்டக்குழியில வந்து நிக்கி.' தேய்வழக்கு. கழிக்கப்பட்டது.

'நான் செத்துட்டேன் அய்யா.' மிகைக்கூற்று. பேசுபவர் உயிருடன் உள்ளார். கழிக்கப்பட்டது.

மீதி: 'அய்யா.' நோய்க்குறி எதுவும் கூறப்படவில்லை.

அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. 'மிக நெருங்கிய மாதிரி: மிகை, தொகுதி மூன்று, குரல் பொசீ-அ.'

வேறு யார் படித்திருந்தாலும் அந்த வரி விளங்கியிருக்காது. பொன்சீலிக்கு விளங்கியது. பொசீ என்றால் பொன்சீலி. அ என்றால் அக்கா. அந்தக் குறியை இட்டவள் அவளேதான். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஆறு வருஷத்துக்கு முந்திய கதை அது. அணிமானி வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர்கள் எதற்கு என்று ஆளைக் குறைத்தார்கள். குறைத்த ஆட்களைச் சொல்லாரம் கூப்பிட்டுக்கொண்டது. வண்ணார்பேட்டையில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடி, அறுபது டீச்சர்கள், ஆளுக்கொரு மேசை. கருவிக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க எடுத்துக்காட்டு வாக்கியங்கள் வேண்டும். அதுவும் எழுதினால் போதாது, வாயால் பேசியதாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்பது. மிகைக்கூற்றுக்கு முதல் நாள் எல்லாரும் உற்சாகமாகக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் முக்கினார்கள். மூன்றாம் நாள் ஒருத்தருக்கும் ஒன்றும் வரவில்லை.

வகுப்பில் எடுத்துக்காட்டு மறந்துபோனால் டீச்சர்மார் என்ன செய்வார்கள்? பக்கத்தில் இருக்கிறதை எடுத்துச் சொல்வார்கள். மேசை, நாற்காலி, வீட்டில் இருக்கிற மனுஷி. அன்று மத்தியானமே ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். அம்மா, மாமியார், கொழுந்தியாள், பூக்காரி. ஸ்பீக்கரில் போட்டு, எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதிவை ஓடவிட்டால் போதும், கொட்டும். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிற நேர்க்கூற்றுக்கு எடுத்துக்காட்டு கேட்டபோது மட்டும் யாரும் அம்மாவைக் கூப்பிடவில்லை. தாலுகா ஆபீஸ் சித்தப்பா, பேங்கில் இருக்கிற மச்சான், சர்வேயர், செய்தி வாசிக்கிறவர் என்று போனார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்த காரியமில்லை. எண்பது முடித்தால் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

பொன்சீலி தினமும் அக்காவைக் கூப்பிட்டாள். புஷ்பத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"ஏட்டி சீலி, என் பேச்சயெல்லாமா வச்சிப் படிக்காவ? நான் அஞ்சாப்புதானட்டி."

"நீ பேசு அக்கா. சும்மா பேசு."

"என்னத்தப் பேச. இங்கன வெயிலு ஆளப் பொரிச்சி எடுக்கி. பீடிக் கம்பெனிக்காரி பேசுத பேச்சுல காது ரெண்டும் அழுவிப்போச்சி. வெடியக்காலம் நாலு மணிக்கு எல வெட்ட ஒக்காந்தேன், இன்னும் எந்திரிக்கல. கையி ரெண்டும் செத்துப்போச்சிட்டி."

எல்லாம் மிகைக்கூற்று என்று பொன்சீலி பெட்டி பெட்டியாகக் குறியிட்டாள். ஆயிரத்து நூறு வாக்கியம். கை நிஜமாகவே மரத்துப்போயிருந்ததா என்று கேட்கவேண்டும் என அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு எழுபத்தொன்பது ஆகியிருந்தது, அது எண்பதாவது.

அக்காவை வேலம்மாள் பொறுப்பில் விட்டுவிட்டு மறுநாளே பொன்சீலி சொல்லாரத்துக்குப் போனாள். மாதிரிகளுக்குத் தலைவராக அன்று மண்டபத்து மாடியில் டீச்சர்களை மேய்த்த அதே அருள்வேந்தன்தான் இருந்தான். மேசைமேல் அணிமானி இல்லை. அந்தக் கம்பெனிக்குள் அதை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

"என் அக்கா குரல எடுத்துருங்க சார். அந்த ஆயிரத்து நூறையும்."

"எடுக்குறதுக்கு அது தனியா எங்க மேடம் இருக்கு? பால்ல சர்க்கரையப் போட்டுக் கலக்கியாச்சு. இப்ப சர்க்கரைய மட்டும் திருப்பிக் குடுன்னா?"

"அப்ப எங்க அக்கா பேசுனா அது என்னைக்குமே நம்பாதா?"

"உங்க அக்கான்னு இல்ல. அந்த மாதிரி பேசுற…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க. நாம எல்லாரும் சேந்து குடுத்ததுதானே. எங்க அம்மா குரல்கூட அதுல இருக்கு."

"உங்க அம்மாவுக்கு நெஞ்சு வலிச்சா?"

"நான் பேசுவேன்" என்றான் அவன். சொல்லிவிட்டு, சொன்னது அவனுக்கே உறைத்திருக்கவேண்டும். குனிந்து எதையோ தேடினான். "நீங்க டீச்சர்தானே மேடம். அவங்களுக்கு நேர்க்கூற்றுல பேசக் கத்துக்குடுங்க. மாதிரி, போல எதுவும் வேண்டாம். எழுவாய், பயனிலை, அவ்வளவுதான். கருவி நேர்மையானது. ஒழுங்காப் பேசுனா ஒழுங்காக் கேக்கும்."

அந்த மேசையைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்கவேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவன் சொன்ன வழியைத் தவிர வேறு வழியும் தெரியவில்லை. இப்போது வேலை பார்க்கிற டியூஷன் சென்டரில் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு மேலப்பனையங்குளத்துக்கு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் பாடம் தொடங்கியது. பொன்சீலி ஒரு பயிற்சி அணிமானியைத் தரையில் வைத்தாள். அந்தப் பக்கம் அக்கா, மடியில் பீடித்தட்டு. டாக்டரம்மா சுற்றக்கூடாது என்று சொல்லியிருந்தாலும் தட்டு இல்லாமல் அவளுக்கு உட்காரத் தெரியாது.

"நெஞ்சு வலி எப்படி இருந்துச்சு, சொல்லு."

"இடி விழுந்த மாரி…"

"மாரியெல்லாம் வேண்டாம்."

"அப்போ இடி விழுந்துட்டு."

"அது உருவகம். அதும் வேண்டாம்."

"இடியும் வேண்டாமா? பெறவு என்னத்தத்தாம்ட்டி சொல்ல?"

"வலிக்குன்னு சொல்லு. எங்க வலிக்கு, எப்பத் தொடங்குச்சு. அவ்வளவுதான்."

புஷ்பம் தங்கச்சியை நம்பாமல் பார்த்தாள். "வெறுங்கையோட வலிக்குன்னு சொன்னா எவன் வருவான்? நீ வருவியா? நான் ஒனக்குப் போன் போட்டு, சீலி, கால் வலிக்குன்னு சொன்னா நீ மருந்து போடுக்கான்னுட்டு வச்சிருவ. கால வெட்டித் தூரப்போடலாம்னு இருக்குன்னு சொன்னாத்தான் பஸ் ஏறுவ."

அக்கா சொன்னது உண்மை. ஊரில் எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள், கேட்கிறவர்கள் குறைத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் எங்கேயோ விஷயம் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துகொண்டிருந்தது. இப்போது கேட்கிறது மனுஷர் இல்லை என்பதை அக்காவுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், "நான் சொல்லுதத மட்டும் செய்யி" என்று அதட்டினாள்.

மூன்று வாரம் அப்படியே ஓடியது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மா சொன்ன ஒரு மணி நேரம் பொன்சீலியின் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் பொறுமை போய்விட்டது. ஒரு நோட்டை எடுத்து ஐந்து வாக்கியம் எழுதினாள்.

எனக்கு நெஞ்சின் நடுவில் வலி இருக்கிறது. வலி காலை பத்து மணிக்குத் தொடங்கியது. வலி இடது கையில் பரவுகிறது. எனக்கு வேர்க்கிறது. என் வயது ஐம்பத்தெட்டு.

"இத அப்படியே மனப்பாடம் பண்ணு. ஒரு சொல்லு மாறக்கூடாது."

பதினாலு வருஷம் வகுப்பெடுத்தவளுக்கு மனப்பாடம் என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. 'ஆஸ் ஐ யம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று லீவ் லெட்டர் ஒன்றை ஒரு தடவை கரும்பலகையில் எழுதிப் போட்டால், அந்த வருஷம் முழுக்க வகுப்பில் எவனுக்கும் வேறு நோயே வராது. முள் குத்தியவனுக்கும் காய்ச்சல், தாத்தா செத்தவனுக்கும் காய்ச்சல். கையெழுத்துப் போடுகிற இடத்தில் கரும்பலகையில் இருந்த பெயரையே எழுதிக் கொடுத்தவனும் உண்டு. இதெல்லாம் தெரிந்தவள்தான். அக்கா உயிர் என்று வந்தபோது அவளுக்கும் கையில் அகப்பட்டது அந்தக் கரும்பலகைதான்.

புஷ்பம் பீடி சுற்றிக்கொண்டே உருப்போட்டாள். ஒரு வாரத்தில் ஐந்தும் வாயில் நின்றன. அணிமானி பச்சையாக எரிந்து, "நேர்க்கூற்று, நூறு விழுக்காடு" என்றது. பொன்சீலிக்கு அழுகையே வந்துவிட்டது. அதோடு விடவில்லை அவள். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று நாள் முழுவதும் அக்காவின் வாயைக் காவல் காத்தாள். சோறு பொங்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, எதையாவது கூட்டிச் சொன்னால் ஒரு பார்வை. ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து வந்த புஷ்பம், "ஏ யப்பா, கூட்டம்னா கூட்டம், எள்ளுப் போட்டா…" என்று தொடங்கி, தங்கச்சி முகத்தைப் பார்த்து நிறுத்தி, "கூட்டம் இருந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"நல்லா இருக்கு அக்கா. இப்படித்தான்" என்றாள் பொன்சீலி.

வீடு அமைதியாகிவிட்டது. அது முன்னேற்றம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் பாளையங்கோட்டைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம் வேலம்மாளின் மாமியாருக்கு மூச்சு முட்டியது. வேலம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது புஷ்பம் போனை வாங்கி, கிழவி காதில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, கிழவி அதை அப்படியே ஒப்பித்தாள். "நேர்க்கூற்று. வரிசை எண் இரண்டு" என்றது மையம். பதினோரு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்து நின்றது. மேலப்பனையங்குளத்துக்குள் அந்த வண்டி வந்ததே அன்றைக்குத்தான்.

அப்புறம் கேட்கவேண்டுமா? அந்த நோட்டு தெருத்தெருவாகப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்சீலி ஊருக்கு வந்தபோது, பீடிக் கம்பெனிக் கொட்டகையில் நாற்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டே ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சின் நடுவில் வலி இருக்கிறது. நடுவில் நின்று சொல்லிக்கொடுத்தது புஷ்பம்.

"பாத்தியாட்டி" என்றாள் தங்கச்சியிடம். "நானும் டீச்சராயிட்டேன்."

பொன்சீலிக்குப் பெருமையாக இருந்தது. இருந்ததென்ன, கொட்டகைக்குள் போய், 'பரவுகிறது' என்பதில் வல்லின றகரத்தை எப்படி அழுத்தவேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாள். முப்பது வயதுக்காரியும் என் வயது ஐம்பத்தெட்டு என்றே சொல்வதைக் கவனித்துச் சிரித்தாள். "அதை மட்டும் மாத்திக்கோங்க, அவிய அவிய வயசச் சொல்லுங்க" என்றாள். சரி டீச்சர் என்று நாற்பது பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டியதற்கு என்ன அர்த்தம் என்று வகுப்பில் நின்றவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இரண்டு மாசத்தில் அந்த ஊரிலிருந்து பதினேழு அழைப்பு போனது. பிரசவ வலிக்காரிக்கும் நெஞ்சின் நடுவில் வலி. நாய் கடித்தவளுக்கும் இடது கையில் பரவியது. மத்தியானம் மூன்று மணிக்குப் பேசியவளுக்கும் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் வண்டி வந்தது. பொய்யாச்சே என்று பொன்சீலி கேட்டபோது நாய் கடித்தவள் காலைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்கு முந்தி எம்மவளக் கடிச்சப்போ உள்ளது உள்ளபடி சொன்னேன் டீச்சர். முந்நூத்தி அஞ்சுன்னான். ராத்திரி முச்சூடும் கெடந்தா பிள்ள."

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சுற்றிய பீடியைக் கொடுக்கிற நாள். தெருவில் உள்ள பெண்கள் எல்லாரும் கொட்டகைக்குப் போயிருந்தார்கள். புஷ்பம் மட்டும் அசதியாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். பொன்சீலிக்கு வேலம்மாளிடமிருந்து போன் வந்தபோது மணி இரண்டு. வேலம்மாள் வேறெதுவும் சொல்லவில்லை. "டீச்சர், புஷ்பக்கா இறந்துட்டாவ" என்றாள். அவ்வளவு நேராக ஒரு வாக்கியத்தை அந்த ஊரில் யாரும் அதற்குமுன் சொல்லிப் பொன்சீலி கேட்டதில்லை.

இறந்தவர் பேசிய பதிவை ரத்த உறவு ஒரே ஒரு முறை கேட்கலாம் என்பது மையத்தின் விதி. காரியம் முடிந்த மறுநாள் அவள் போனாள். கண்ணாடி அறையில் ஓர் அலுவலர் இருந்தார், நெற்றியில் திருநீறு, சாந்தமான முகம். தண்ணீர் கொடுத்தார். காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன் கொடுத்தார். பதினொன்று பத்துக்கு வந்த அழைப்பு அது.

அக்காவின் குரல். மூச்சு வாங்கியது, ஆனால் நிறுத்தி நிதானமாகத்தான் பேசினாள். எனக்கு நெஞ்சின் நடுவில் வலி இருக்கிறது. வலி காலை பத்து மணிக்குத் தொடங்கியது. வலி இடது கையில் பரவுகிறது. எனக்கு வேர்க்கிறது. என் வயது ஐம்பத்தெட்டு. அன்றைக்கு அது ஐந்துமே உண்மை.

அணிமானி ஒரு நொடி எடுத்துக்கொண்டது. "மேற்கோள்" என்றது. "இது பிறர் கூற்று. இதே கூற்று இப்பகுதியிலிருந்து பதினேழு முறை பெறப்பட்டுள்ளது. உங்கள் நிலையை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்."

பிறகு அக்கா, "ஏ யய்யா, நெஞ்சுக்குள்ள…" என்று வாயெடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள். "இல்ல இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பாடத்தில் தப்புச் செய்த பிள்ளை சொல்வதைப்போல. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கி ஐந்தையும் சொன்னாள். அணிமானியும் திரும்பவும் சொந்த வார்த்தையைக் கேட்டது.

அக்காவிடம் சொந்த வார்த்தைக்கா பஞ்சம்? சொல்லியிருந்தால் அதையும் கழித்துத்தான் போட்டிருக்கும், அது வேறு விஷயம். ஆனால் அவள் சொல்லவே இல்லை. மூன்றாம் முறையும் நோட்டில் இருந்ததையே சொன்னாள். குரல் தேய்ந்து போயிருந்தது. ஒரு சொல்கூட மாறவில்லை. 'பரவுகிறது' என்பதில் அந்த றகரத்தை அழுத்தினாள். வயதைச் சொல்ல வரும்போது, "என் வயது" என்பதோடு நின்றது. அப்புறம் போன் தரையில் விழுகிற சத்தம். "அழைப்பாளர் பேசவில்லை. அழைப்பு முடிக்கப்பட்டது."

பொன்சீலி காதில் இருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அலுவலர் ஒரு படிவத்தை அவள் பக்கம் தள்ளி, அதற்குப் பக்கத்தில் ஓர் அணிமானியையும் வைத்தார்.

"புகார் ஏதாச்சும் இருந்தா சொல்லலாம்மா. யார்மேல, என்ன செஞ்சாங்கன்னு. நிதானமா, உள்ளது உள்ளபடி சொன்னாப் போதும். அதுவே பதிவு பண்ணிக்கும்."

யார்மேல என்று அவள் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. அழவில்லை, குரல் உடையவில்லை. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று ஒழுங்காகத்தான் சொன்னாள்.

"நான் என் அக்காவைக் கொன்றேன்."

சிவப்பு விளக்கு ஒருதரம் மின்னியது.

"மிகைக்கூற்று" என்றது அணிமானி, தணிந்த குரலில். "கழிக்கப்பட்டது."

அலுவலருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கவேண்டும். மேசைக்கு மேலாகக் குனிந்து, "பாத்தீங்களாம்மா, அதுவே சொல்லுது. சொந்தம் போனா எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். மனசப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றார். படிவம் அச்சாகி வந்தது. புகார் என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று இருந்தது. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று அவர் விரலை வைத்துக் காட்டினார், அவள் போட்டுக் கொடுத்தாள்.